கன்விக்‌ஷன்: நம்பிக்கையா, தண்டனையா, இரண்டும் இல்லையா?

காகிதக்கப்பல்

எல்லோருக்கும் வணக்கம். ஒரே ஒரு சொல்லில் நாலு நாளாக நிற்கிறேன். கை கொடுங்கள்.

குத்துச்சண்டை வீரர் முகமது அலியைப் பற்றிய ஆங்கிலக் கட்டுரை ஒன்றைச் சிற்றிதழுக்காகத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். 1967 ஏப்ரல் 28, ஹூஸ்டன் நகரம். வியட்நாம் போர் நேரம், ராணுவத்துக்கு ஆள் எடுக்கும் இடத்தில் பெயரைக் கூப்பிடுகிறார்கள். கூப்பிட்டதும் ஓரடி முன்னால் வர வேண்டும், அதுதான் சேர்ந்துவிட்டதற்கு அடையாளம். அலி நின்ற இடத்தைவிட்டு நகரவில்லை. அன்றைக்கே நியூயார்க் குத்துச்சண்டை ஆணையம் அவருடைய உரிமத்தை நிறுத்திவைத்தது. ஜூன் 20 அன்று ஜூரி அவரைக் குற்றவாளி என்றது. ஐந்து வருஷச் சிறை, 10,000 டாலர் அபராதம். 1971 ஜூன் 28 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் எல்லாவற்றையும் ரத்து செய்தது.

இந்த இடத்தில் கட்டுரையாளர் கன்விக்‌ஷன் என்ற சொல்லை ஒரே பத்தியில் இரண்டு பொருளில் வைத்திருக்கிறார். அலிக்கு ஒரு கன்விக்‌ஷன் இருந்தது. அதனால் அவருக்கு இன்னொரு கன்விக்‌ஷன் வந்து சேர்ந்தது. நாலு வருஷத்தில் பின்னால் வந்தது போய்விட்டது, முன்னால் இருந்தது அப்படியே இருந்தது. நான் எழுதியது இது: ‘அலியின் நம்பிக்கை அவருக்குத் தண்டனையை வாங்கித் தந்தது.’

வாய்விட்டுப் படித்தால் சப்பென்று இருக்கிறது. அதைவிட, தப்பாகவும் இருக்கிறது என்று தோன்றுகிறது. எங்கே தப்பு என்று சொல்லத் தெரியவில்லை.

திண்ணை

இதில் என்ன சிக்கல்? அகராதியில் இரண்டு பொருளும் இருக்கின்றன. ஒன்று திடமான நம்பிக்கை, இன்னொன்று குற்றவாளி என்று தண்டிப்பது. சொல் விளையாட்டை அப்படியே கொண்டுவர முடியாது, விட்டுவிடலாம். வாசகருக்கு விஷயம் புரிந்தால் போதும்.

கோர்ட்டு வராந்தா

திண்ணை சார், ‘தண்டனை’ என்றால் விஷயம் புரியாது, அதுதான் சிக்கல். இருபது வருஷமாகக் குற்றவியல் நீதிமன்றங்களில்தான் என் பிழைப்பு. இந்த ஒரு சொல்லால் கட்சிக்காரர்கள் குழம்பி நிற்பதை வாரம் ஒருமுறையாவது பார்க்கிறேன். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு செஷன்ஸ் வழக்கில் தீர்ப்பு நாள் எப்படி நடக்கும் என்று பாருங்கள். எங்கள் ஊர் நீதிமன்றத் தமிழில் குற்றம் சாட்டப்பட்டவருக்கு ‘எதிரி’ என்று பெயர். எதிரி கூண்டில் நிற்பார். நீதிபதி முதலில் சொல்வது, குற்றச்சாட்டு நிரூபிக்கப்பட்டது, எதிரி குற்றவாளி என்று முடிவு செய்கிறேன் என்பது. கன்விக்‌ஷன் அந்த நொடியில் நடந்துவிட்டது. தண்டனை இன்னும் வரவில்லை. அடுத்து நீதிபதி எதிரியையே பார்த்து, தண்டனை பற்றி என்ன சொல்கிறாய் என்று கேட்பார். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 235-ஆம் பிரிவின் இரண்டாம் உட்பிரிவு இது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்தில் 258. அப்போது அந்த மனிதர் பேசுவதைக் கேட்க வேண்டும். ‘வயசான அம்மா இருக்காங்கய்யா’, ‘ரெண்டும் பொம்பளப் பிள்ளைங்கய்யா.’ அதை எழுதிக்கொண்ட பிறகுதான் ஏழு வருஷமா பத்து வருஷமா என்று வரும். சில நேரம் நடுவில் ஒரு நாள், இரண்டு நாள்கூடப் போகும். தமிழ்நாட்டில் அமைச்சராக இருந்த பொன்முடி வழக்கில் 2023 டிசம்பர் 19 அன்று சென்னை உயர் நீதிமன்றம் குற்றவாளி என்றது, டிசம்பர் 21 அன்றுதான் தண்டனையை அறிவித்தது. அந்த இரண்டு நாளும் அவருக்குத் தண்டனை கிடையாது, ஆனால் கன்விக்‌ஷன் உண்டு.

ஆக, குற்றவாளி என்று தீர்ப்பது ஒன்று. அதற்கு என்ன கொடுப்பது என்று சொல்வது இன்னொன்று. முதலாவதற்குச் சட்டத் தமிழில் ‘குற்றத்தீர்ப்பு’ என்று நல்ல சொல்லே இருக்கிறது. நம் செய்தித்தாள்கள்தான் இரண்டையும் ‘தண்டனை’ என்று ஒரே சாக்கில் கட்டிவிடுகின்றன.

இதனால் என்ன கெட்டுப்போகிறது என்று கேட்பீர்கள். ராகுல் காந்தி வழக்கையே எடுத்துக்கொள்வோம். 2023 மார்ச் 23, சூரத் நீதிமன்றம் அவதூறு வழக்கில் குற்றவாளி என்று சொல்லி இரண்டு வருஷம் விதித்தது. மேல்முறையீடு செய்வதற்காக அன்றைக்கே தண்டனையை 30 நாளுக்கு நிறுத்திவைத்தது. ஆனாலும் மறுநாளே எம்.பி. பதவி போய்விட்டது. ‘தண்டனையைத்தான் நிறுத்தியாச்சே, அப்புறம் எப்படிப் பதவி போச்சு?’ என்று எத்தனை பேர் என்னிடம் கேட்டார்கள் தெரியுமா? நிறுத்தியது தண்டனையை. குற்றத்தீர்ப்பு நின்ற இடத்தில்தான் நின்றது. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 8-ஆம் பிரிவில் தகுதியிழப்பு ஆரம்பிப்பது குற்றத்தீர்ப்பு நாளிலிருந்து. ஆகஸ்ட் 4 அன்று உச்ச நீதிமன்றம் அந்தக் குற்றத்தீர்ப்புக்கே தடை போட்டது, ஆகஸ்ட் 7 அன்று பதவி திரும்ப வந்தது. அன்றைக்கும் பல செய்திகளில் ‘தண்டனைக்குத் தடை’ என்றுதான் வந்தது. அப்படியானால் மார்ச் மாதத்துச் செய்திக்கும் ஆகஸ்ட் மாதத்துச் செய்திக்கும் வாசகர் என்ன வித்தியாசம் கண்டுபிடிப்பார்?

நம் ஊரிலேயே இதற்கு முன்னால் நடந்ததுதான். டான்சி என்ற அரசு நிறுவனத்தின் நிலத்தை வாங்கிய வழக்கில் ஜெயலலிதாவுக்கு விதித்த தண்டனையை உயர் நீதிமன்றம் நிறுத்திவைத்திருந்தது, குற்றத்தீர்ப்பு அப்படியே இருந்தது. அந்த நிலையில்தான் 2001 மே மாதம் முதல்வரானார். செப்டம்பர் 21 அன்று உச்ச நீதிமன்றம் அந்த நியமனம் செல்லாது என்றது. பிறகு டிசம்பரில் உயர் நீதிமன்றம் அவரைக் குற்றமற்றவர் என்றது. மாநிலத்தின் முதல்வர் யார் என்பதே இந்த இரண்டு சொற்களுக்கு நடுவில் இருந்த இடைவெளியில் தீர்மானமானது.

காகிதக்கப்பல்

சார், என் தப்பு எங்கே என்று இப்போது தெரிகிறது. அலி இந்த வழக்குக்காகச் சிறைக்கே போகவில்லை, மேல்முறையீடு முடியும்வரை வெளியில்தான் இருந்தார். ஐந்து வருஷத்தில் ஒரு நாள்கூட அனுபவிக்கவில்லை. ‘தண்டனை வாங்கித் தந்தது’ என்றால் உள்ளே கிடந்தார் என்றுதான் படிப்பவர்கள் நினைப்பார்கள்.

சின்னமனூர்ப் பேத்தி

வராந்தா சார் எழுதியதைப் படித்ததும் கை நடுங்கிவிட்டது. என் தம்பிக்கு நடந்தது இதுதான்.

கல்லூரியில் படிக்கும்போது ஊர்த் திருவிழாவில் மைக்செட்டு விஷயமாக ஒரு தகராறு. அடிதடிகூட இல்லை, வெறும் கூச்சல்தான். நாலு பேரையும் பெட்டி கேஸில், அதாவது சில்லறை வழக்கில், கோர்ட்டுக்குக் கூட்டிப்போனார்கள். ‘ஒத்துக்கிட்டு ஃபைனைக் கட்டிட்டுப் போயிருங்கப்பா, ஒண்ணும் இல்ல’ என்று கூட வந்தவர் சொன்னார். தம்பியும் ‘ஒத்துக்கிறேன் ஐயா’ என்று சொல்லிவிட்டு 300 ரூபாய் கட்டிவிட்டு வந்தான். பத்து நிமிஷம். அன்று சாயங்காலமே அதை மறந்தும்விட்டான்.

ஐந்து வருஷம் கழித்து ஓர் அரசு வேலைக்குப் படிவம் நிரப்பினான். ‘நீதிமன்றத்தால் எப்போதாவது தண்டிக்கப்பட்டதுண்டா?’ என்று ஒரு கேள்வி. நான்தான் பக்கத்தில் உட்கார்ந்து படித்துச் சொன்னேன். தண்டனை என்றால் ஜெயில், நாம் எங்கே ஜெயிலுக்குப் போனோம் என்று ‘இல்லை’ எழுதவைத்ததும் நான்தான். போலீஸ் சரிபார்ப்பில் அந்த 300 ரூபாய் வெளியே வந்தது. உண்மையை மறைத்ததாகச் சொல்லி வேலையை நிறுத்திவிட்டார்கள். ஒன்றரை வருஷம் அலைந்து, விளக்கம் கொடுத்து, பிறகுதான் கிடைத்தது. அந்த ஒன்றரை வருஷமும் அம்மா என்னிடம் சரியாகப் பேசவில்லை.

300 ரூபாய் ஃபைனும் கன்விக்‌ஷன்தானா சார்? இன்றுவரைக்கும் எனக்கு யாரும் தெளிவாகச் சொன்னதில்லை.

கோர்ட்டு வராந்தா

அம்மா, அதுவும் கன்விக்‌ஷன்தான். மாஜிஸ்திரேட் முன்னால் குற்றத்தை ஒப்புக்கொண்டு அபராதம் கட்டினால், ஒப்புதலின் பேரில் குற்றவாளி என்று தீர்த்துத்தான் அபராதம் போடுவார். சிறை இல்லை, அவ்வளவுதான். டிராஃபிக் போலீஸ் ரோட்டிலேயே சலான் போட்டு வாங்கும் இணக்கக் கட்டணம் வேறு வகை. அங்கே குற்றத்தீர்ப்பு கிடையாது, பணம் கட்டியதோடு விஷயம் முடிந்தது. மக்களுக்கு இரண்டும் ‘ஃபைன்’தான். கோர்ட்டு வாசலில் நிற்பவர்களும் ‘ஒண்ணும் இல்ல’ என்று சொல்லி அனுப்பிவிடுகிறார்கள்.

உங்கள் தம்பி மாதிரிப் பிள்ளைகளை நினைத்துத்தான் 2016-இல் அவதார் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒரு வழி காட்டியது. இளவயதில் கோஷம் போட்டது, சில்லறை வழக்கு போன்றவற்றை ஒருவர் படிவத்தில் சொல்லாமல் விட்டிருந்தால், வேலை கொடுப்பவர் அதை மன்னித்து விடலாம் என்றது. கட்டாயம் மன்னிக்க வேண்டும் என்று சொல்லவில்லை. அதனால் இதைப் படிக்கிற இளைஞர்களுக்கு ஒரு வார்த்தை. படிவத்தில் கைது, வழக்கு நிலுவை, அபராதம், குற்றவாளி எனத் தீர்க்கப்பட்டது என்று தனித்தனியாகக் கேட்டிருப்பார்கள். ஒவ்வொன்றையும் தனிக் கேள்வியாக எடுத்துக்கொண்டு பதில் எழுதுங்கள். சந்தேகம் இருந்தால் நடந்ததை அப்படியே எழுதிவிடுங்கள். எழுதியதால் கெட்டவர்களைவிட எழுதாமல் விட்டதால் கெட்டவர்களைத்தான் நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

உங்கள் மேல் தப்பில்லை அம்மா. அந்தக் கேள்வியில் ‘தண்டிக்கப்பட்டதுண்டா’ என்று இருந்ததுதான் தப்பு. ‘குற்றவாளி எனத் தீர்க்கப்பட்டதுண்டா, அபராதம் மட்டும் என்றாலும்’ என்று கேட்டிருந்தால் நீங்களே சரியாக எழுதவைத்திருப்பீர்கள்.

சின்னமனூர்ப் பேத்தி

நன்றி சார். இந்தப் பதிலை இன்றைக்கு ராத்திரி அம்மாவுக்குப் படித்துக் காட்டப்போகிறேன்.

திண்ணை

வராந்தா சார், பேத்தியம்மா, நான் அவசரப்பட்டுச் சொல்லிவிட்டேன். தண்டனை என்பதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். ஜெயில் பேச்சில் மட்டும் ‘தண்டனைக் கைதி’, ‘விசாரணைக் கைதி’ என்று சுத்தமாகப் பிரித்து வைத்திருக்கிறோமே, அது எப்படி?

கோர்ட்டு வராந்தா

உள்ளே இருப்பவர்களுக்கு அந்த வித்தியாசம் அன்றாடச் சோற்றிலும் வேலையிலும் தெரியும், அதனால் சொல் தானாகவே வந்துவிட்டது. வெளியே இருக்கும் நமக்கு இன்னும் வரவில்லை. இதே கதைதான் ‘விடுதலை’க்கும். குற்றமற்றவர் என்று தீர்ந்தாலும் விடுதலை, ஜாமீனில் வந்தாலும் விடுதலை, பத்து வருஷம் முடித்துவிட்டு வந்தாலும் விடுதலை. அதற்குத் தனி இழையே வேண்டும்.

வடமராட்சி

அக்கா, யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். இங்கே செய்திகளில் ‘குற்றவாளியாகக் காணப்பட்டார்’ என்று எழுதுவது வழக்கம். ‘குற்றவாளியாக இனங்காணப்பட்ட சந்தேகநபருக்கு’ என்றும் வரும். அதன் பிறகுதான் எத்தனை வருட சிறைத்தண்டனை என்று அடுத்த வசனம். அதனால் இரண்டும் கலப்பது இங்கே குறைவு.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இங்கே ‘ஒத்திவைக்கப்பட்ட சிறைத்தண்டனை’ என்று ஒன்று உண்டு. இரண்டு வருட சிறைத்தண்டனை, அது ஐந்து வருடங்களுக்கு ஒத்திவைக்கப்பட்டது என்று நீதவான் தீர்ப்பளிப்பார். அந்தக் காலத்திலே வேறு குற்றம் செய்யாவிட்டால் சிறைக்குப் போகத் தேவையில்லை. வராந்தா ஐயா சொன்ன ‘தண்டனை நிறுத்திவைப்பு’ மேல்முறையீடு முடியும்வரைக்கும்தான். இங்கே ஒத்திவைப்பதே தீர்ப்பின் ஒரு பகுதி. இரண்டு நாட்டுச் செய்திகளையும் மாறி மாறி வாசிக்கிற ஆட்களுக்கு இது வடிவாக விளங்க வேண்டும், இல்லாவிட்டால் நிச்சயம் குழம்பும்.

தமிழாசிரியர், ஓய்வு

நீதிமன்றப் பக்கம் தெளிவாகிவிட்டது. இனி மனத்தின் பக்கம் வருவோம். அங்கேதான் எனக்கு நிறையச் சொல்ல இருக்கிறது.

ஒரே சொல்லுக்கு எப்படி இந்த இரண்டு பொருள் வந்தது என்று முதலில் பார்க்க வேண்டும். மூலம் லத்தீன். வின்கெரே என்றால் வெல்வது. அதன் மேல் ஒரு முன்னொட்டு சேர்ந்து கொன்வின்கெரே ஆனது. முழுவதுமாக வெல்வது, வாதத்தில் மடக்குவது, குற்றத்தை மெய்ப்பிப்பது என்று அதற்குப் பொருள். கன்விக்ட், கன்வின்ஸ் இரண்டும் அந்த ஒரே வயிற்றில் பிறந்தவை. ஆங்கிலத்தில் முதலில் வந்தது நீதிமன்றப் பொருள், 15-ஆம் நூற்றாண்டில். மனத்தைக் குறிக்கும் பொருள் 17-ஆம் நூற்றாண்டில்தான் வருகிறது. அதாவது நீதிமன்றத்தில் சான்று எதிரியை வெல்கிறது. மனத்துக்குள் சான்று நம் ஐயத்தை வெல்கிறது. வென்ற பிறகு மிஞ்சுவதுதான் கன்விக்‌ஷன்.

இந்த இடத்தில் ‘நம்பிக்கை’ தோற்றுப்போகிறது. மழை வரும் என்பதும் நம்பிக்கை, மகன் காப்பாற்றுவான் என்பதும் நம்பிக்கை, கடன் கொடுப்பதும் நம்பிக்கை, கடவுளும் நம்பிக்கை. எதிலும் ஐயத்தோடு மல்லுக்கட்டிய தடயம் இருக்க வேண்டிய அவசியமில்லை. கன்விக்‌ஷனில் அந்தத் தடயம் இருக்கிறது.

தமிழில் அதற்குச் சொல் இல்லையா என்றால், வள்ளுவர் ஓர் அதிகாரமே வைத்திருக்கிறார். 51-ஆம் அதிகாரம், தெரிந்து தெளிதல். ‘தேறற்க யாரையும் தேராது’ என்கிறார். தேர்வது ஆராய்வது. தேறுவது ஆராய்ந்து முடித்து மனம் ஓரிடத்தில் நிற்பது. ஆராயாமல் தேறாதே, ஆராய்ந்த பிறகு தேறு. இன்னோர் இடத்தில் ‘ஐயத்தின் நீங்கித் தெளிந்தார்க்கு’ என்று வருகிறது. முதலில் ஐயம், அப்புறம் நீங்குதல், அப்புறம் தெளிவு. லத்தீன் சொல்லுக்குள் ஒளிந்திருக்கிற அந்தச் சண்டை இங்கே வெளிப்படையாகவே இருக்கிறது.

என் பரிந்துரை ‘தெளிவு’ அல்லது ‘துணிபு’. துணிபு என்றால் ஐயம் அறுந்து முடிவாகக் கொண்ட கருத்து.

முத்துநகர்

ஐயா சொன்னதோடு ஒன்றைச் சேர்க்க ஆசை. நான் கிறிஸ்தவ சபையில் வளர்ந்தவள். எங்களுக்கு மூன்றாவதாக ஒரு கன்விக்‌ஷன் உண்டு. பிரசங்கத்தைக் கேட்கும்போது உள்ளே ஏதோ குத்தும். ‘நான் செய்தது தப்பு’ என்று நமக்கே தெரியவரும், யாரும் விரல் நீட்டியிருக்க மாட்டார்கள். ஆங்கிலத்தில் பேசும் ஊழியர்கள் அதைக் கன்விக்‌ஷன் என்பார்கள், நாங்கள் ‘பாவ உணர்வு’ என்போம். யோவான் 16:8-இல் ஆவியானவர் உலகத்தைக் ‘கண்டித்து உணர்த்துவார்’ என்று இருக்கிறது. அந்த இரண்டு சொற்களையும் சேர்த்துப் பாருங்கள். கண்டிப்பது நீதிமன்ற வேலை, உணர்த்துவது மனசு வேலை. மொழிபெயர்த்தவர்கள் ஒரு சொல்லுக்கு இரண்டைப் போட்டிருக்கிறார்கள்.

எபிரெயர் 11:1-இல் விசுவாசத்தைப் பற்றிச் சொல்லும்போது ‘காணப்படாதவைகளின் நிச்சயம்’ என்று வரும். பல ஆங்கில மொழிபெயர்ப்புகளில் அங்கே கன்விக்‌ஷன் என்றே இருக்கிறது. ஆச்சரியம் என்னவென்றால், கிரேக்க மூலத்தில் இந்த இரண்டு இடத்திலும் வருவது ஒரே வேர்ச்சொல், எலென்கோஸ். தப்பை வெளிக்கொணர்வதற்கும் அதுதான், காணாததைப் பற்றிய நிச்சயத்துக்கும் அதுதான். 1611-இல் வந்த ஆங்கில பைபிளில் யோவான் 8:46-ஐப் படித்தால், இன்றைக்குக் ‘கன்விக்ட்’ என்று சொல்ல வேண்டிய இடத்தில் ‘கன்வின்ஸ்’ என்று இருக்கும். தமிழில் அங்கே ‘குற்றப்படுத்த’ என்று போட்டிருக்கிறார்கள். ஐயா சொன்ன ஒரே வயிறு என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

காகிதக்கப்பல், அலியும் தன் மதத்தை வைத்துத்தானே ராணுவத்தை மறுத்தார்? அப்படியானால் ‘நிச்சயம்’ என்ற சொல்லையும் மனசில் வையுங்கள்.

உதவி இயக்குநர்

நான் சினிமாவில் இருக்கிறேன். எங்கள் பேச்சில் கன்விக்‌ஷன் ஒரு நாளைக்குப் பத்து தடவை வரும், தமிழ்ச் சொல் மாதிரியே ஆகிவிட்டது. ஏன் நாங்கள் நம்பிக்கை என்று சொல்வதில்லை என்பதற்கு ஒரு சம்பவம்.

ஒரு தயாரிப்பாளரிடம் கதை சொல்லப் போனேன். இரண்டே கால் மணி நேரம் சொன்னேன். இடைவேளைக்குப் பிறகு வரும் ஒரு காட்சியில், மகன் அப்பாவின் பழைய சைக்கிளை விற்றுவிட்டு வருவான். அந்த இடத்தில் அவர் கையைக் காட்டி நிறுத்தினார். ‘தம்பி, படம் ஓடும்னு நம்பிக்கை இருக்கா?’ என்று கேட்டார். ‘இருக்கு சார்’ என்றேன். ‘அது எல்லாருக்கும் இருக்கும். இந்த சைக்கிள் சீன்ல உனக்குக் கன்விக்‌ஷன் இருக்கா?’ என்றார். எனக்கு வாய் வரவில்லை. அவன் ஏன் விற்றான் என்று எனக்கே தெரியாமல்தான் எழுதியிருந்தேன். கதைக்கு ஒரு சோகம் வேண்டும் என்று வைத்தது. அது என் குரலில் அவருக்குத் தெரிந்துவிட்டது.

வீட்டுக்கு வந்து அந்தக் காட்சியை மூன்று வாரம் உடைத்து எழுதினேன். அதனால் எனக்கு வித்தியாசம் நன்றாகத் தெரியும். நம்பிக்கை நடக்கப்போவதைப் பற்றியது. கன்விக்‌ஷன் கையில் இருப்பதைப் பற்றியது. ஷேர் மார்க்கெட்காரர்களும் இதே அர்த்தத்தில்தான் சொல்கிறார்கள். விலை ஏறும் என்று நினைப்பது ஒன்று. அந்தக் கம்பெனியின் கணக்கைத் தானே படித்துவிட்டு, விலை பாதியாக விழுந்தாலும் விற்காமல் உட்கார்ந்திருப்பது இன்னொன்று.

ஆனால் ஐயா, ‘துணிபு’ என்று நான் டயலாக்கில் வைத்தால் யாருக்கும் புரியாது. ‘துணிவு’ என்றுதான் காதில் விழும்.

தமிழாசிரியர், ஓய்வு

தம்பி சொல்வது நியாயம். முப்பது வருஷம் வகுப்பில் துணிபு என்று கரும்பலகையில் எழுதினாலும் பிள்ளைகள் துணிவு என்றுதான் நோட்டில் எழுதினார்கள். எனக்கு அந்தச் சொல் மேல் இருக்கிற பாசத்தால் சொன்னேன்.

வடமராட்சி

‘உறுதிப்பாடு’ சரிவராதா? ‘கொள்கைப்பிடிப்பு’?

காகிதக்கப்பல்

இரண்டையும் போட்டுப் பார்த்தேன் தம்பி. உறுதிப்பாடு எவ்வளவு கெட்டி என்பதைத்தான் சொல்கிறது, எதில் கெட்டி என்பதைச் சொல்லவில்லை. கொள்கைப்பிடிப்பு மேடைப் பேச்சு மாதிரி ஆகிவிடுகிறது. ஆங்கிலத்தில் பன்மையில் ஒருவருடைய கன்விக்‌ஷன்கள் என்று வரும்போது ‘கொள்கைகள்’ பொருந்தும். ஆனால் அலி விஷயத்தில் அது ஒன்றே ஒன்று. இந்தப் போருக்கு நான் வரமாட்டேன், அவ்வளவுதான்.

சின்னமனூர்ப் பேத்தி

நான் படித்தது பன்னிரண்டாவதுவரைதான், தப்பாக இருந்தால் மன்னியுங்கள். எங்கள் ஆச்சி ஒரு வார்த்தை சொல்லும். தாத்தா செத்த பிறகு நிலத்தை விற்றுவிடச் சொல்லி மாமாக்கள் எல்லாரும் உட்கார்ந்து பேசினார்கள். ஆச்சி வெற்றிலையை மடித்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தது. கடைசியில் ‘விக்கிறதில்ல’ என்று ஒரே வார்த்தை. சத்தமெல்லாம் போடவில்லை. அன்றைக்கு ராத்திரி சின்ன மாமா வெளியே வந்து அப்பாவிடம் சொன்னார்: ‘அம்மா தீர்மானமா சொல்லிருச்சு, இனி பேசிப் புண்ணியமில்ல.’

தீர்மானமா சொல்றது. இது ஆகாதா?

தமிழாசிரியர், ஓய்வு

பேத்தி! எழுந்து நின்று சொல்கிறேன், கிடைத்துவிட்டது.

தீர் என்ற வினையை எடுங்கள். தீர்தல், முடிதல், இனி மிச்சமில்லாமல் ஆதல். அதிலிருந்து வருவது தீர்ப்பு. அதிலிருந்து வருவதுதான் தீர்மானமும், வருமானம், கட்டுமானம் போல மானம் விகுதி சேர்ந்தது. நீதிபதியின் வாயில் தீர்ந்தால் தீர்ப்பு, மனிதரின் மனத்தில் தீர்ந்தால் தீர்மானம். லத்தீனில் இருப்பது போலவே இங்கேயும் ஒரு வயிற்றில் இரண்டு பிள்ளைகள். வராந்தா ஐயா சொன்ன குற்றத்தீர்ப்பு ஒரு பக்கம், ஆச்சியின் தீர்மானம் ஒரு பக்கம். இருந்த இடத்தை விட்டுவிட்டு நான் நூல்களுக்குள் தேடிக்கொண்டிருந்தேன்.

திண்ணை

தடை சொல்வதாக நினைக்க வேண்டாம். தீர்மானம் என்றதும் சட்டமன்றத் தீர்மானம், பொதுக்குழுத் தீர்மானம் ஞாபகத்துக்கு வராதா? அப்புறம், தீர்மானம் என்றால் ஒரு செயலைப் பற்றிய முடிவு. கன்விக்‌ஷன் ஒரு கருத்தின் மேல் இருப்பது. பூமி உருண்டை என்பதில் எனக்குக் கன்விக்‌ஷன் உண்டு, தீர்மானம் உண்டு என்று சொல்வேனா?

தமிழாசிரியர், ஓய்வு

நல்ல கேள்வி. பூமிக்குச் சொல்ல மாட்டீர்கள். அங்கே ‘தெளிவு’ அல்லது முத்துநகர் அம்மையார் சொன்ன ‘நிச்சயம்’ வரும். எல்லா இடத்துக்கும் ஒரே சொல்லைத் தேடினால் கிடைக்காது, தேடவும் வேண்டாம். ‘கன்விக்‌ஷனோடு பேசினார்’ என்றால் ‘தீர்மானமாகப் பேசினார்’. ‘அவர் வாதத்தில் கன்விக்‌ஷன் இல்லை’ என்றால் ‘மனசில் பதியவில்லை’ அல்லது ‘ஒப்பவில்லை’. இந்தக் கட்டுரையில் அலி செய்தது ஒரு செயல், முன்னால் அடி எடுத்து வைக்காமல் நின்றது. ஆகவே தீர்மானம் பொருந்தும்.

கோர்ட்டு வராந்தா

அலி வழக்கின் தீர்ப்பை நானும் படித்திருக்கிறேன், இதைச் சொல்லியே ஆக வேண்டும். மனசாட்சியின் பேரில் ராணுவத்தை மறுப்பவருக்கு அங்கே மூன்று தகுதி பார்ப்பார்கள். எந்தப் போருக்கும் எதிரானவரா, அது மத நம்பிக்கையிலிருந்து வந்ததா, அது உள்ளபடியே மனதார உள்ளதா. அலியின் விண்ணப்பத்தை ராணுவ ஆள்சேர்ப்புக்கான மேல்முறையீட்டு வாரியம் எந்தக் காரணமும் சொல்லாமல் தள்ளியிருந்தது. வழக்கு உச்ச நீதிமன்றத்துக்கு வந்தபோது இரண்டாவதையும் மூன்றாவதையும் அரசுத் தரப்பே ஒப்புக்கொண்டது. அப்படியானால் வாரியம் எந்தக் காரணத்தால் மறுத்தது என்றே தெரியாது, தப்பான காரணமாகவும் இருக்கலாம் என்று சொல்லி எட்டு நீதிபதிகளும் ஒருமனதாக ரத்து செய்தார்கள். ஒன்பதாமவர் விலகியிருந்தார்.

அதாவது அவருடைய தீர்மானம் உண்மையானது என்று எதிர்த்தரப்பே ஏற்றுக்கொண்டதால்தான் குற்றத்தீர்ப்பு விழுந்தது. கட்டுரையாளர் இரண்டு சொல்லையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்ததற்கு அந்த வழக்கிலேயே காரணம் இருக்கிறது. மொழிபெயர்ப்பில் அது தொலைந்துவிடக் கூடாது.

காகிதக்கப்பல்

இப்படி எழுதியிருக்கிறேன், பாருங்கள்:

‘அலி தம் மனத்தில் தீர்மானித்துவிட்டார். அந்தத் தீர்மானத்துக்காக நீதிமன்றம் அவர்மேல் குற்றத்தீர்ப்பு எழுதியது. நான்கு ஆண்டுகளில் தீர்ப்பு அழிந்தது. தீர்மானம் இருந்த இடத்தில் இருந்தது.’

அடுத்த வரியில் ‘உச்ச நீதிமன்றம் அவருடைய தண்டனையை ரத்து செய்தது’ என்று வருகிறது.

கோர்ட்டு வராந்தா

அந்த அடுத்த வரி! ‘குற்றத்தீர்ப்பை ரத்து செய்தது.’ தண்டனையை மட்டும் ரத்து செய்திருந்தால் அவர் குற்றவாளியாகவே இருந்திருப்பார்.

காகிதக்கப்பல்

கை பழக்கம் சார், திருத்திவிட்டேன். இரண்டு வாரம் கழித்து வந்து சொல்கிறேன்.

காகிதக்கப்பல்

அச்சுப்படி இன்று காலை வந்தது. தீர்மானத்தை அப்படியே விட்டிருக்கிறார்கள். ‘குற்றத்தீர்ப்பு’ வந்த இரண்டு இடத்திலும் பென்சிலால் சுழித்து, ‘தண்டனை என்று எளிமையாக இருக்கலாமே?’ என்று ஓரத்தில் எழுதியிருந்தார்கள். ஆசிரியருக்குப் போன் செய்தேன். அலி வழக்கைச் சொல்லவில்லை. சின்னமனூர்ப் பேத்தியின் தம்பி கதையைப் பெயர் ஊர் எதுவும் இல்லாமல் சொன்னேன், 300 ரூபாய், ‘ஒத்துக்கிறேன் ஐயா’, அந்தப் படிவம், ஒன்றரை வருஷம். கொஞ்ச நேரம் அவர் பேசவில்லை. ‘சரி, இருக்கட்டும்’ என்றார்.

சின்னமனூர்ப் பேத்தி

இதழ் வந்ததும் ஒரு பிரதி எங்கே கிடைக்கும் என்று சொல்லுங்கள் அக்கா. தம்பி வாங்கிவரச் சொன்னான்.